சாம் மாமாவுடன் ஒரு பாகப்பிரிவினை

டிசம்பர் பிறந்துவிட்டால், அமெரிக்காவின் எடிசனிலோ பிளேனோவிலோ நம்மவர்கள் கூடும் வீடுகளில், சாப்பாடு முடிந்து காபி வரும் நேரத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இன்னொருவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "என்ன சார், கன்வர்ட் பண்ணிட்டீங்களா?" ஊரிலிருந்து புதிதாக வந்த மருமகள் திடுக்கிட்டுப் பார்ப்பாள். மதம் மாறுகிற சமாச்சாரம் இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பை ராத் கணக்குக்கு மாற்றுகிற சமாச்சாரம். டிசம்பர் 31-க்குள் பணம் இடம் மாறினால்தான் அந்த வருடக் கணக்கில் சேரும். அதனால்தான் அந்தக் கிசுகிசுப்பும் அவசரமும்.

அமெரிக்காவில் வேலைபார்த்து ஓய்வை நெருங்குகிற எவரையும் இன்று இந்தக் கேள்வி விடுவதில்லை. தரகு நிறுவனங்கள், வரி ஆலோசகர்கள், யூடியூப் நிபுணர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: 'டாக்ஸ் ஃப்ரீ'. மாற்றிவிட்டால் அப்புறம் வரியே கிடையாது. நிஜம்தான். ஆனால் மாற்றுகிற வருடத்தில் கட்டவேண்டிய வரியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல்கள் ஏனோ கம்மிவிடுகின்றன.

பெயரில் மாமா, நடத்தையில் பங்காளி

அமெரிக்க அரசைச் செல்லமாக 'அங்கிள் சாம்' என்பார்கள். சாம் மாமா. நம் உறவுமுறையில் மாமா என்பவர் சீர் கொண்டுவருகிறவர். சொத்தில் பங்கு கேட்டு வருகிறவர் பங்காளி. அந்தக் கணக்கில் பார்த்தால் சாம், பெயரில்தான் மாமா.

சாதாரண ஐஆர்ஏ, அதாவது தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு, 1974-இல் வந்த சட்டத்தின் குழந்தை. நிறுவனங்கள் வழியாகச் சேமிக்கும் 401கே, 1978-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து முளைத்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. சம்பளத்தில் ஒரு பகுதியை வரி கட்டாமலேயே உள்ளே போடலாம். உள்ளே வளரும் வரை யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே எடுக்கும்போது எடுப்பது முழுவதும் அந்த வருடத்து வருமானம். அதற்கு அன்றைய விகிதத்தில் வரி. ஆகவே கணக்குப் புத்தகத்தில் பத்து லட்சம் டாலர் என்று காட்டினால் அது முழுக்க உங்களுடையது அல்ல. உள்ளே ஒரு பங்காளி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பங்கு எவ்வளவு என்று எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை. நீங்கள் எடுக்கும் வருடத்தில் உங்கள் மொத்த வருமானம் என்ன, அன்றைக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து அது 10 சதவீதமாகவும் இருக்கலாம், 37 ஆகவும் இருக்கலாம்.

டெலவேர் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் வில்லியம் ராத் இதைத் தலைகீழாகப் புரட்டினார். 1997-இல் கிளின்டன் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தின் வழியாக, 1998 ஜனவரியிலிருந்து அவர் பெயரில் புதுக் கணக்கு வந்தது. வரி கட்டிய பணத்தைப் போடு. விதிப்படி எடுத்தால் முதலுக்கும் வரியில்லை, வளர்ச்சிக்கும் வரியில்லை. பங்காளியே இல்லாத சொத்து.

பழைய கணக்கிலிருந்து ராத்துக்கு மாற்றுவது என்றால், பங்காளியின் பங்கை இன்றைய விலைக்கு வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைப்பது. ஒரு லட்சம் டாலரை மாற்றினால், அந்த ஒரு லட்சமும் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்த வருமானம் போலக் கணக்கில் ஏறும். நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு உண்டான குறைந்த விகிதமெல்லாம் இதற்குக் கிடையாது.

விதையா, விளைச்சலா?

அமெரிக்க ஆலோசகர்களுக்கு இங்கே ஒரு பிரியமான உவமை உண்டு. விதைக்கு வரி கட்டுவீர்களா, விளைச்சலுக்கு வரி கட்டுவீர்களா என்பார்கள். விதை சிறிது, விளைச்சல் பெரிது. பதில் வெளிப்படை என்று தோன்றும். வாரத்துக்கு நிலம் விட்ட எந்த விவசாயியும் இந்த வலையில் விழமாட்டார். நூறு மூட்டையில் கால் பங்கும், விதைநெல்லில் கால் பங்கும் விகிதத்தில் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

போட்டுப் பார்ப்போம். ஐஆர்ஏவில் ஒரு லட்சம் டாலர். இன்றைக்கு 22 சதவீத வரி. மாற்றி, வரியையும் அதிலிருந்தே கட்டினால் மிஞ்சுவது 78,000. அது சில வருடங்களில் இரட்டிப்பானால் 1,56,000, வரியில்லாமல். மாற்றாமல் விட்டால் ஒரு லட்சம் இரண்டு லட்சமாகும். அதே 22 சதவீதம் போனால் மிச்சம், அதே 1,56,000. ஒரு டாலர்கூட வித்தியாசம் இல்லை. எடுக்கும் காலத்தில் விகிதம் 12 ஆக இறங்கியிருந்தால், மாற்றாதவர் கையில் 1,76,000. மாற்றியவர் இருபதாயிரம் நஷ்டப்பட்டவர். 32 ஆக ஏறியிருந்தால் மாற்றாதவர் கையில் 1,36,000, மாற்றியவர் கெட்டிக்காரர். இன்றைய விகிதமா நாளைய விகிதமா என்பதுதான் முழு விவகாரமும். 'டாக்ஸ் ஃப்ரீ' என்ற சொல் இதை மறைக்கிறது என்பதே எனக்கு அதன் மேல் உள்ள புகார்.

வரியை வேறு பணத்திலிருந்து, அதாவது வங்கிச் சேமிப்பிலிருந்து கட்டினால்? அப்போது ஒரு சிறு லாபம் நிச்சயம் உண்டு. ஒரு லட்சமும் ராத்துக்குள் போய் இரண்டு லட்சமாகிறது. மாற்றாதவரிடம் 1,56,000, கூடவே அந்த 22,000 வெளியில் முதலீடாக இருந்து 44,000 ஆகியிருக்கும். அந்த ஆதாயத்துக்கு 15 சதவீத வரி 3,300 போனால் 40,700. ஆக 1,96,700. மாற்றியவருக்கு 3,300 டாலர் கூடுதல். விகிதம் மாறாத உலகில் இந்த வித்தையின் பலன் இவ்வளவுதான். வருடங்கள் நீள நீள இது பெருகும் என்பது உண்மை. ஆனால் விளம்பரத்தில் வருகிற அளவுக்கு இது பொற்குவியல் இல்லை.

ஐம்பத்தொன்பதரை வயது ஆகாதவர் வரியை அந்தக் கணக்கிலிருந்தே பிடிக்கச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். பிடித்த 22,000 ராத்துக்குப் போய்ச் சேரவில்லையே. ஆகவே அது முன்கூட்டி எடுத்த பணம். அதற்கு 10 சதவீத அபராதம், 2,200. வரி கட்டுவதற்காக எடுத்த பணத்துக்கே அபராதம்.

இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு

அப்படியானால் யாருக்கு லாபம்? சம்பளம் நின்று, மற்ற வருமானங்கள் தொடங்காத இடைப்பட்ட சில வருடங்கள் பலர் வாழ்வில் வரும். அங்கேதான்.

ஓர் உதாரணத் தம்பதி. கணவருக்கு 63, மனைவிக்கு 61. இருவரும் வேலையை விட்டாயிற்று. அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியை இன்னும் கேட்கவில்லை. வங்கியில் இருப்பதை எடுத்துச் செலவு நடக்கிறது. வட்டி வருமானம் 20,000 டாலர். 2025-இல் இருவரும் சேர்ந்து கணக்குக் காட்டும் தம்பதிக்கு நிலைக்கழிவு 31,500; ஆகவே இவர்களுக்கு வரியே இல்லை. இந்த வருடத்தைச் சும்மா விடுவது, மழை பெய்யும்போது பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது மாதிரி. அந்த வருடம் 12 சதவீத வரி அடுக்கு, கழிவு போக, 96,950-இல் முடிந்தது. அதை நிரப்பும் வரை, அதாவது 1,08,450 டாலரை ராத்துக்கு மாற்றினால், மத்திய அரசுக்குக் கட்டவேண்டிய வரி மொத்தமே 11,157. பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். அதற்கு மேல் மாற்றுகிற முதல் டாலரே 22 சதவீதத்துக்குத் தாவிவிடும். அங்கே நிறுத்திக்கொண்டு அடுத்த ஜனவரியில் தொடரலாம். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் மாற்றுகிறவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறவர்.

மாற்றாமலே இருந்தால் என்ன? 1960-இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் 75 வயதில் வேண்டுமோ வேண்டாமோ ஒரு பங்கை எடுத்தே ஆகவேண்டும். அதற்கு முந்தைய ஒன்பது வருடங்களில் பிறந்தவர்களுக்கு அது 73. அரசின் அட்டவணைப்படி 75 வயதில் இருப்பை 24.6 ஆல் வகுக்க வேண்டும். பதினைந்து லட்சம் இருந்தால் அறுபதாயிரத்துச் சொச்சம், கேட்காமலே வருமானத்தில் ஏறும். சோஷியல் செக்யூரிட்டி அதற்கு மேல். பங்காளி காத்திருந்து வசூலிக்கும் வழி இது. ராத் ஐஆர்ஏவில் உரிமையாளர் உயிரோடு இருக்கும் வரை இந்தக் கட்டாயம் இல்லை. ராத் 401கேவிலும் 2024 முதல் இல்லை. கட்டாயப் பங்கு தொடங்கிய பிறகும் மாற்றலாம். ஆனால் அந்த வருடத்துக் கட்டாயப் பங்கை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். அதை மாற்ற முடியாது.

வரி அட்டவணையில் இல்லாத வரிகள்

அடுக்குகளை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றுக்கு வரி என்று பெயரில்லை, அவ்வளவே.

மெடிகேர் அவற்றில் ஒன்று. 65 வயதில் தொடங்கும் இந்த மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம், இரண்டு வருடங்களுக்கு முந்தைய வருமானத்தைப் பார்த்து நிர்ணயமாகிறது. 63 வயதில் செய்த மாற்றம் 65-இல் வந்து கதவைத் தட்டும். 2025-க்கான வரம்பு தம்பதிக்கு 2,12,000 டாலர். அதைத் தாண்டியவர்களுக்கு மாதப் பிரீமியம் 185-இலிருந்து 259 ஆனது. மருந்துக் காப்பீட்டுக்கு இன்னொரு 13.70. இருவருக்கும் வருடத்துக்கு 2,100 டாலருக்கு மேல். இது படிப்படியாக ஏறுவதில்லை, செங்குத்தாக ஏறுகிறது. ஒரே ஒரு டாலர் தாண்டினாலும் முழுத்தொகை. வேலை போய்விட்டது, துணை இறந்துவிட்டார் என்றால் முறையிட்டுக் குறைக்கச் சொல்லலாம். ராத்துக்கு மாற்றினேன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

65-க்கு முன் ஓய்வெடுத்து, ஒபாமா காலச் சட்டத்தின் காப்பீட்டுச் சந்தையில் மானியத்தோடு காப்பீடு வாங்குகிறவர்களுக்கு இன்னும் பெரிய பள்ளம். அந்த மானியம் வருமானத்தைப் பார்த்துத் தருவது. மாற்றிய தொகையும் வருமானம். மேலே சொன்ன உதாரணத் தம்பதியே அங்கே மானியம் வாங்குகிறவர்களாக இருந்தால், 'பத்து சதவீதம்' என்ற கணக்கு குப்பைக்குப் போய்விடும்.

சோஷியல் செக்யூரிட்டியின் கதை வேறு. இதர வருமானம் ஏற ஏற, அந்தப் பணத்தில் 85 சதவீதம் வரை வரிக்குள் இழுக்கப்படும். தம்பதிக்கான 32,000, 44,000 என்ற வரம்புகள் 1983-இலும் 1993-இலும் வைத்தவை. விலைவாசி எங்கோ போய்விட்டது, வரம்பு அங்கேயே நிற்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, சோஷியல் செக்யூரிட்டி தொடங்குவதற்கு முன் மாற்றிவிடுவது நல்லது என்பேன்.

பாலும் நீரும்

அதிக சம்பளக்காரர்கள் நேரடியாக ராத் ஐஆர்ஏவில் போட முடியாது. 2025-இல் தம்பதியின் வருமானம் 2,36,000 தாண்டியதும் அனுமதி சுருங்க ஆரம்பித்தது, 2,46,000-இல் கதவு சாத்தப்பட்டது. ஆனால் கொல்லைப்புறக் கதவு திறந்திருக்கிறது: சாதாரண ஐஆர்ஏவில் வரிக்கழிவு கேட்காமல் 7,000 போட்டு, உடனே ராத்துக்கு மாற்றிக்கொள்வது. மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர்களுக்கு இது அத்துப்படி. ஏற்கெனவே வரி கட்டிய பணம், மாற்றினால் வரி பூஜ்யம் என்று நினைப்பார்கள்.

பழைய நிறுவனத்து 401கேவைக் கொண்டுவந்து போட்ட 93,000 டாலர் இன்னொரு ஐஆர்ஏவில் தூங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பூஜ்யம் கிடைக்காது. ஐஆர்எஸ் என்கிற வரித்துறைக்கு ஒருவரின் ஐஆர்ஏக்கள் எத்தனை நிறுவனங்களில் இருந்தாலும் ஒரே அண்டா. 93,000 பால், 7,000 தண்ணீர். அதிலிருந்து 7,000 மொண்டால் அதில் தண்ணீர் ஏழு சதவீதம்தான்: 490 டாலருக்கு வரியில்லை, 6,510-க்கு உண்டு. பாலையும் நீரையும் பிரிக்கத் தெரிந்த அன்னப்பறவை புராணத்தில் இருக்கிறது. ஐஆர்எஸ் அலுவலகத்தில் இல்லை. பார்ப்பது டிசம்பர் 31 அன்று அண்டாவில் இருப்பதை. ஆகவே அதற்குள், இப்போதைய நிறுவனத்தின் 401கே ஏற்றுக்கொண்டால், அந்த 93,000-ஐ அங்கே தள்ளிவிடலாம். 401கே இந்த அண்டாவில் சேராது. கணவன் அண்டா வேறு, மனைவி அண்டா வேறு என்பது ஆறுதல்.

திரும்பிப் போக வழியில்லை

2017 வரை, மாற்றியது தப்பாகிவிட்டால் அடுத்த வருடம் அக்டோபர் வரை அதை ரத்து செய்துகொள்ள முடிந்தது. 2008 தொடக்கத்தில் மாற்றி, இலையுதிர் காலத்தில் சந்தை சரிந்தபோது, இல்லாமல் போன பணத்துக்கு வரி கட்டவேண்டிய நிலையிலிருந்து பலரைக் காப்பாற்றியது அந்த வசதி. 2018 முதல் அது இல்லை. இப்போது மாற்றினால் மாற்றியதுதான். அதனால் அனுபவஸ்தர்கள் வருமானம் தெளிவாகும் நவம்பர், டிசம்பர் வரை பொறுக்கிறார்கள். வேறு சிலர் எதிர்த்திசையில் யோசிப்பவர்கள்: சந்தை சரியும்போது மாற்றுவார்கள். 2020 பிப்ரவரி, மார்ச்சில் ஐந்தே வாரங்களில் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு சுமார் 34 சதவீதம் விழுந்தது. அப்போது பங்குகளை விற்காமல் அப்படியே ராத்துக்கு நகர்த்தியவர், அதே எண்ணிக்கைப் பங்குகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு மதிப்புக்கே வரி கட்டினார். மீட்சி முழுவதும் ராத்துக்குள் நடந்தது. அந்த வாரங்களில் அப்படிச் செய்யும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு இருந்தது என்பது வேறு விஷயம்.

அரசு ஏன் இதை அனுமதிக்கிறது என்று யோசித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். முதல் பன்னிரண்டு வருடங்கள், வருமானம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் இருந்தவர்களால் மாற்றவே முடியவில்லை. 2006-இல் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை 2010 முதல் நீக்கியது. வரிக் குறைப்புகளால் விழும் துண்டை அடைக்க அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வருமானம் காட்டவேண்டியிருந்தது. மாற்றினால் வரி உடனே வரும். அதனால் இழக்கப்போகும் வரி அடுத்த தலைமுறையின் கவலை. பட்ஜெட் கணக்கோ பத்து வருடத்தைத் தாண்டிப் பார்ப்பதில்லை. ஊரில் கடன்பட்ட பங்காளி தன் பங்கை அவசரமாக விற்கும்போது வாங்கிப் போட்டவர்கள் பிழைத்த கதைகள் நமக்குத் தெரியும். இங்கே விற்கிறவர் ஓர் அரசாங்கம்.

அதே அரசாங்கம் விகிதத்தை என்ன செய்யும் என்று ஜோசியம் சொன்னவர்களும் மூக்குடைபட்டார்கள். 2017-இல் குறைத்த விகிதங்கள் 2025-ஓடு முடியும் என்று சட்டத்தில் இருந்தது. "2026-இல் வரி ஏறப்போகிறது, இப்போதே மாற்றுங்கள்" என்பதே வருடக்கணக்காக வியாபாரக் கோஷம். 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்த விகிதங்களை நிரந்தரமாக்கிவிட்டது. கோஷத்தை நம்பி 24 சதவீதத்தில் அள்ளி மாற்றிய சிலர் இப்போது கையைப் பிசைகிறார்கள்.

தனித்து நிற்பவருக்கான வரி

எண்களை விட்டு வெளியே வந்து பார்த்தால், மாற்றத்துக்கு ஆதரவாக எனக்கு மிக வலுவாகத் தோன்றும் காரணம் யாரும் சாப்பாட்டு மேசையில் பேச விரும்பாதது. தம்பதியில் ஒருவர் போய்விட்டால், அடுத்த வருடத்திலிருந்து மற்றவர் தனி நபர். 2025-இன் அட்டவணைப்படி, 12 சதவீத அடுக்கு 96,950-இல் அல்ல, 48,475-இலேயே முடியும். மெடிகேர் வரம்பும் பாதி. ஆனால் ஐஆர்ஏ பணம் பெரும்பாலும் அப்படியே அவர் பெயருக்கு வரும்; கட்டாயப் பங்கும் குறையாது. வருமானம் கொஞ்சம் குறைய, விகிதம் ஏறும். பெரும்பாலான வீடுகளில் அந்த மற்றவர் மனைவி. கணவர் இருக்கும்போதே, இருவருக்கான அகலமான அடுக்கில் மாற்றிவைப்பது அவருக்குச் செய்யும் உபகாரம்.

பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதானால் அவர்கள் நிலையைப் பார்க்க வேண்டும். 2020 முதல், பெரும்பாலான வாரிசுகள் பத்து வருடங்களுக்குள் கணக்கைக் காலி செய்ய வேண்டும். சம்பளத்தின் உச்சத்தில் இருக்கும் மகளுக்குப் பழைய ஐஆர்ஏ வந்தால் கணிசமான பகுதி பங்காளிக்கு. ராத் வந்தால் முழுக்க அவளுக்கு. கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ எழுதிவைப்பதாக இருந்தால் மாற்றவே வேண்டாம். அமெரிக்காவில் பதிவுபெற்ற அறநிறுவனம் அந்தப் பணத்துக்கு வரி கட்டுவதில்லை. நீங்கள் முன்கூட்டிக் கட்டுவது வீண்.

நிரந்தரமாக ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ராத்துக்கு வரியில்லை என்பது அமெரிக்கச் சட்டம் கொடுத்த வாக்கு. கனடாவோடு அமெரிக்கா செய்த வரி ஒப்பந்தம் ராத்தைப் பெயர் சொல்லி ஏற்கிறது. இந்தியாவோடு செய்தது அப்படிச் சொல்வதில்லை. வெளிநாட்டு ஓய்வுக்காலக் கணக்குகளுக்காக 2021-இல் இந்திய வரிச் சட்டத்தில் நுழைந்த 89ஏ பிரிவும், எடுக்கும்போது அந்த நாட்டில் வரி விதிக்கப்படும் கணக்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ராத்தில்தான் எடுக்கும்போது வரியே கிடையாதே! அமெரிக்காவில் முன்கூட்டி வரி கட்டிவிட்டு, மயிலாப்பூரில் குடியேறிய பிறகு இந்தியாவும் கேட்டால், கழித்துக்கொள்ள அந்த வருடத்து அமெரிக்க வரி என்று கையில் எதுவும் இராது. திரும்பி வந்த முதல் இரண்டு மூன்று வருடங்கள், முழு வரிக் குடியிருப்பாளர் ஆகாத இடைக்கால அந்தஸ்து பலருக்குக் கிடைக்கும். அப்போது வெளிநாட்டு வருமானத்தை இந்தியா பொதுவாகத் தொடுவதில்லை. விமான டிக்கெட்டுக்கு முன் இரு நாட்டு ஆடிட்டர்களையும் பார்ப்பது மலிவு.

கடைசியாக ஒரு காகிதம். வரி கட்டிய பணம் ஐஆர்ஏவில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு மாற்றினீர்கள் என்பதையெல்லாம் எழுதுவது 8606 என்ற படிவம். தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் வெறும் 50 டாலர். அதனாலேயே பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே வரி கட்டியாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, இருபது வருடம் கழித்துக் கேட்டாலும். ஊரில் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தாத்தா டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவைக்குக் கீழே வைத்திருப்பார். எங்கே இருக்கிறது என்று பாட்டிக்கு மட்டும் தெரியும். 8606-இன் பிரதிகள் எந்த லேப்டாப்பில், எந்தக் கடவுச்சொல்லுக்குள் இருக்கின்றன என்று உங்கள் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா?